பிளேன் கழுவுன தண்ணி எங்கிட்டுப் போகும்?

மூணு நாளா விடாம மழை, உச்சிப்புளி பக்கம் எங்க ஊர்க் கண்மாய் நெறஞ்சு கலுங்குல தண்ணி விழ ஆரம்பிச்சிருச்சு. நேத்து சாயங்காலம் கரையில நின்னுகிட்டிருக்கப்ப மாமா கேட்டாரு, "மாப்ள, கனடாவுல பிளேனுக்கு மருந்தடிப்போம்னு சொன்னியே, அந்தத் தண்ணியெல்லாம் எங்கிட்டுப் போகும்?" கிழக்குக் கடற்கரையில ஒரு ஏர்போர்ட்ல நாலு குளிர்காலம் வேலை பாத்துட்டு வந்திருக்கேன், இதை என்கிட்ட கேட்ட மொத ஆளு அவருதான்.

றெக்கையில பனி ஒட்டியிருந்தா பிளேன் ஒழுங்கா மேல எழும்பாது. அதனால கிளைகால்னு, தண்ணியை உறைய விடாத ஒரு திரவத்தைத் தண்ணியோட கலந்து சூடாக்கிப் பீச்சி அடிப்போம். பனியை எடுக்குறது டைப் ஒன், ஆரஞ்சு கலர். மறுபடி பிடிக்காம இருக்க மேல அடிக்கிறது டைப் ஃபோர், பச்சையா கொழகொழன்னு இருக்கும். மோசமான நாள்ல ஒரு பெரிய பிளேனுக்கே ஆயிரம் லிட்டருக்கு மேல போயிரும், அதுல பெரும்பங்கு தரையிலதான் வழியுது.

நெறைய எடத்துல அடிக்கிற புரோப்பிலீன் கிளைகால் நேரடியா பெரிய விஷம் இல்ல. ஆனா ஓடையில கலந்தா பாக்டீரியா அதைத் தின்னு தின்னு தண்ணியில உள்ள ஆக்சிஜனைக் காலி பண்ணிரும். இதை மாமாவுக்கு வெளக்கவே வேணாம், கோடையில தண்ணி வத்தி செடி அழுகுறப்ப விடியக்காலையில கெண்டையெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துகிட்டு நிக்கும்ல, அதேதான்.

கடலோர ஊர்ல இன்னொரு சிக்கல், காலையில பனி கொட்டும், மதியம் அதுமேலேயே மழை பெய்யும். தண்ணி ஏகப்பட்டது சேரும், கிளைகால் அதுல கரைஞ்சு கெடக்கும். எண்ணெய்னா மெதக்கும், வழிச்சு எடுத்துரலாம், இது தண்ணியோட ஒண்ணாயிருமே, ஆயில் செப்பரேட்டர்ல நிக்கவே நிக்காது. ஓரமா குமிச்சு வச்ச பனியிலயும் அது தங்கியிருந்து, ஏப்ரல்ல உருகுறப்ப மொத்தமா எறங்கும்.

அதனால மருந்தடிக்கிற எடத்துல மழைத்தண்ணி வடிகால் வால்வை மூடிருவோம், நம்ம மடையை அடைக்கிற மாதிரி. தண்ணி தனித் தொட்டிக்குப் போகும், தரையில நிக்கிறதை உறிஞ்சுற லாரி வந்து இழுத்துக்கும். ரிஃப்ராக்டோமீட்டர்னு கையடக்கமா ஒரு கருவி, கண்ணாடியில ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பாத்தா கிளைகால் எவ்வளவு இருக்குன்னு தெரியும். கெட்டியா இருந்தா மறுசுழற்சி, நீர்த்துப் போயிருந்தா சுத்திகரிப்பு. அமெரிக்காவுல 2012ல வந்த விதி, குளிர்ப் பகுதியில புதுசா கட்டுற பெரிய ஏர்போர்ட், அடிச்ச மருந்துல பிடிக்கக் கிடைக்கிறதுல 60 சதவீதத்தைப் பிடிச்சே ஆகணும்னு சொல்லுது. மீதி 40ங்கிறது எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

"அப்ப நம்மள மாதிரி பெரிய கண்மாயா வெட்டித் தேக்கிர வேண்டியதுதானே"ன்னாரு மாமா. அங்க அது ஆகாது. நமக்கு நாரை வந்தா சந்தோஷம், அங்க பறவை வந்தா என்ஜினுக்கு ஆபத்து. மழைத்தண்ணிக் குளம் 48 மணி நேரத்துல வடிஞ்சிரணும்னு அமெரிக்க விமானத்துறையே சொல்லுது. அதான் அமெரிக்காவுல பஃபலோ ஏர்போர்ட்ல தண்ணியை ஜல்லிக்குள்ள ஓடவிட்டு, கீழயிருந்து காத்து ஊதி, அங்கயே பாக்டீரியா கிளைகாலைத் தின்னுற மாதிரி பண்றாங்க. தண்ணி வெளியவே தெரியாது, கொக்கும் எறங்காது. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு அதுதான்.

எங்க எடத்துல ஒரு ராத்திரி வால்வைத் தெறந்தபடியே விட்டுட்டாங்க. கவனிச்சு மூடுறதுக்குள்ள நாப்பது நிமிஷம். இதைச் சொன்னதும் மாமா கலுங்குத் தண்ணியைப் பாத்துகிட்டே, "அப்புறம் அந்த ஓடையைப் போய்ப் பாத்தியா?"ன்னு கேட்டாரு.

பாத்தேன். கல்லெல்லாம் வெள்ளையும் சாம்பலுமா பஞ்சு மாதிரி வழவழன்னு ஒண்ணு பிடிச்சிருந்துச்சு. ஒரு கல்லைப் பொரட்டினேன், அடியில பூச்சி ஒண்ணுகூட இல்ல.