பால்வீதி வளைவுக்குக் கிழக்குக் கரைதான் சரி

கொழும்பில் இரவு வானத்தைப் படம் எடுக்க ஆசைப்படுகிற பலரும் முதலில் போவது கடற்கரைக்கு. காலிமுகத்திடலோ வெள்ளவத்தையோ, கடல் இருப்பது மேற்கில். பால்வீதி முழு வளைவாக எழும்புவது தென்கிழக்கில், அதாவது நகரத்து வெளிச்சம் எல்லாம் கிடக்கிற பக்கம்.

பனோரமாவுக்கு, அதாவது பல படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்கிற அகலப் படத்துக்கு, வளைவு தாழ்வாக இருக்கவேண்டும். மே நடுப்பகுதியில் இரவு 11 மணியளவில் அது தென்மேற்கிலிருந்து வடகிழக்கு வரை நீண்டு, விருச்சிகமும் தனுசும் சேரும் அந்தப் பிரகாசமான நடுப்பகுதி ஏறத்தாழ 30 பாகை உயரத்தில் வளைவின் உச்சியிலேயே நிற்கும், நம் நாட்டுக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை இது. ஆகஸ்ட்டில் இரவு 10 மணிக்குப் பார்த்தால் அதே பால்வீதி தலைக்கு நேர் மேலே ஏறிவிட்டிருக்கும், ஒரே வரிசையில் எடுத்து ஒட்டமுடியாது.

சரி, மே மாதம் கொழும்பில் தென்மேல் பருவமழை தொடங்குகிற நேரமாச்சே? அதனால்தான் கிழக்குக் கரை என்கிறேன். கல்குடா, பாசிக்குடாப் பக்கம் அப்போது பெரும்பாலும் உலர்ந்த காலம், எதிரே இருண்ட கடல். போயா லீவைப் பார்த்துப் பயணம் போடாதீர்கள், பௌர்ணமி நிலவில் பால்வீதி தெரியவே தெரியாது. அமாவாசைக்கு லீவு எடுத்தே போகவேண்டும்.

ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மில்லிமீற்றர் ஃபிலிம் அளவு சென்சர் உள்ள) கமராவில் 24 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால், கமராவை நெடுக்காக வைத்து ஒவ்வொரு படத்துக்கும் 30 பாகை திருப்புங்கள், ஐந்தில் இரண்டு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும், ஏழெட்டுப் படத்தில் வளைவு முழுக்க வந்துவிடும். லென்ஸ் துளை எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் திறந்திருப்பது 15 செக்கன். ஃபோகஸ், வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) இரண்டையும் கையால் பூட்டிவிடுங்கள். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது, ஆகவே நடுவில் நின்று கமராத் திரையில் படத்தைப் பார்த்து ரசிக்காமல் தொடர்ந்து எடுக்கவேண்டும். ட்ரைபொட் மட்டமாக இல்லாவிட்டால் அடிவானம் அலைமாதிரி வளையும், அதை மட்டும் இருட்ட முன்னமே சரிபார்த்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு ஹூகின் என்ற இலவச மென்பொருளே தாராளம். அதற்கு முன் லென்ஸின் ஓரக் கருமையை எல்லாப் படத்திலும் ஒரே அளவில் திருத்துங்கள், இல்லாவிட்டால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும்.

வருகிற மே அமாவாசைக்குக் கல்குடா போகிறேன், கொழும்பிலிருந்து யாராவது வருவதென்றால் சொல்லுங்கள், என்னிடம் ட்ரைபொட் ஒன்று கூடுதலாக இருக்கிறது.