மஞ்சள் சீரம்: ஆய்வக நாட்குறிப்பு

ஜூன் 3
தன் அப்பாவின் ரிப்போர்ட்டை வாங்கிய பையன், "எஸ்ஜிபிடி நார்மல்னு இருக்கு மேடம், கல்லீரல் தேறிடுச்சா?" என்று கேட்டான். அவன் அப்பாவுக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய். டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன், ஆனால் மனசு ஆறவில்லை. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதிகள். இப்போது எவ்வளவு சேதம் நடக்கிறது என்பதற்கு அவை அடையாளம். மிச்சமிருக்கும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அவை காட்டாது. முற்றிய சிரோசிஸில் சிதைவதற்கே செல்கள் குறைவு, அதனால் நார்மலாகக்கூட வரும். அதே தாளில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 2.6 என்று குறைந்திருந்தது. கவலைப்பட வேண்டிய எண் அதுதான்.

ஜூன் 5
ஆல்புமினைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள், ஆகவே மெதுவாகத்தான் இறங்கும். ரத்தம் உறைய உதவும் ஏழாம் காரணி சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகும். கல்லீரல் தளர்ந்தால், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சீக்கிரம் ஏறுவது அதனால்தான். சிரோசிஸின் கடுமையை அளக்க 1973-இல் வந்த சைல்டு-பியூ மதிப்பெண்ணில் ஆல்புமின், ஐஎன்ஆர் இரண்டோடு, மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமியான பிலிரூபினும் உண்டு. வயிற்றில் நீர், மூளைக் குழப்பம் இரண்டையும் மருத்துவர் பார்த்துச் சேர்ப்பார். பிலிரூபின் 3-க்கு மேல், ஆல்புமின் 2.8-க்குக் கீழ், ஐஎன்ஆர் 2.3-க்கு மேல் போனால் தலா 3 புள்ளி. மொத்தம் 10-ஐத் தொட்டால் 'சி' வகுப்பு, மிகக் கடுமையான நிலை.

ஜூன் 6
ஐஎன்ஆருக்கான நீல மூடிக் குழாய் இன்றும் பாதிதான் நிரம்பி வந்தது. திருப்பி அனுப்பினேன், வார்டில் முணுமுணுப்பு. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்கு என்பது கணக்கு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, ஐஎன்ஆர் பொய்யாக ஏறிவிடும். இன்னொரு முறை ஊசி குத்துவது நோயாளிக்கு வலிதான். ஆனால் தப்பான எண்ணை வைத்து அவருடைய நோயை எடைபோட விடமாட்டேன்.

ஜூன் 10
என்னை அதிகம் பயமுறுத்துவது, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின். பிலிரூபின், ஐஎன்ஆர், கிரியேட்டினின் மூன்றையும் வைத்துப் போடும் மெல்ட் மதிப்பெண்தான் 2002 முதல் அமெரிக்காவில் மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையைத் தீர்மானிக்கிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. சிரோசிஸில் தசை கரைந்து கையும் காலும் குச்சியாகிவிடும், கிரியேட்டினினும் குறைவாகவே வரும். அப்படிப்பட்ட ஒரு பெண்மணிக்கு 0.9 என்று வந்தால், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே சிறுநீரகம் தடுமாறிக்கொண்டிருக்கலாம். பெண்கள் இப்படி வரிசையில் பின்தங்கியதால்தான் மெல்ட் 3.0 கணக்கில் பாலினத்தையும் ஆல்புமினையும் சேர்த்தார்கள். சோடியம் அதற்கு முன்பே, 2016-இல், சேர்ந்துவிட்டது. பாலினத்தைச் சேர்த்தது ரொம்ப நாள் தாமதம் என்பதே என் எண்ணம்.

ஜூன் 11
ரத்தம் உறைய உதவும் தட்டணு 62,000 என்று குறைவாக வந்த ஸ்லைடைக் கண்ணாலும் பார்த்து உறுதி செய்தேன், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளவில்லை. கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறினால் மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்புறம் அதே நோயாளிக்குச் சோடியம் 126 என்று இறங்கியிருந்தது. உடனே வார்டுக்கு போன் செய்தேன்.

ஜூன் 13
இன்று வந்த சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம், மஞ்சளைக் குழைத்தது போல் இருந்தது. பிலிரூபின் இவ்வளவு ஏறியிருந்தால், நிறமாற்றத்தை வைத்து அளக்கும் பழைய ஜாஃபே முறையில் கிரியேட்டினின் குறைவாகக் காட்டக்கூடும். என்சைம் முறையில் மறுபடி போட்டேன், எண் கூடியது. அதையே ரிப்போர்ட்டில் ஏற்றினேன். இனி மஞ்சளாக வரும் சீரம் எல்லாமே நேராக என்சைம் முறைக்குப் போகட்டும் என்று தலைமை மருத்துவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.