ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

"என்னை ஏன் கேக்கலை மேம்?"

இந்த நாலு வார்த்தையை, என் சாப்ட்வேர் டீமில் வேலை பார்க்கும் அவள் சொல்லி இரண்டு வருடம் ஆகப்போகிறது. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே, ரிலீஸ் தேதி விசாரிப்பதுபோல் கேட்டாள். கீழே கேப் காத்திருந்தது. "உனக்கு எதுக்கும்மா அந்த ராத்திரி வேலையெல்லாம்" என்றேன். "சரி மேம்" என்று போய்விட்டாள்.

சாப்ட்வேரைச் சோதிக்கும் டெஸ்டிங்கில் இருந்து ஒருவரை, கிளையன்ட் பயன்படுத்தும் சிஸ்டத்தை ஓடவைக்கும் ப்ரொடக்‌ஷன் டீமுக்கு எடுக்க வேண்டியிருந்தது. கிளவுட், டிப்ளாய்மென்ட் என்று கற்றுக்கொண்டு பின்னால் சிஸ்டத்தையே வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் ஆகிற வழி அது. இரண்டு பேர் பொருத்தமாக இருந்தார்கள், அவளும் அவளோடு வேலை பார்த்த ஒருவனும். ஸ்கிரிப்ட் என்கிற சின்னப் புரோகிராம்கள் எழுதுவதில் அவள் ஒரு படி மேல். நான் அவனைப் போட்டேன். மாதத்தில் ஒரு வாரம் ஆன் கால். ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடித்தால் பத்து நிமிடத்தில் எல்லாரும் சேர்ந்து பேசும் பிரிட்ஜ் காலில் இருக்க வேண்டும். அவளுக்கு ஒன்றரை வயதில் பையன். என் கணக்கு அதோடு முடிந்தது. அவனுக்கும் ஆறு மாதக் குழந்தை இருந்தது. பெயர் சூட்டும் விழாவுக்கு நானே போய் வெள்ளிக் கொலுசு கொடுத்துவிட்டு வந்தவள்தான். ஆனாலும் அந்தக் குழந்தை என் கணக்கில் வரவே இல்லை.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2009-ல் நானும் ஆன் கால் பார்த்தவள். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் மவுஸ். மாமியார் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டார். காலையில் காபி டம்ளரை வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருக்கும். அப்போது மகப்பேறு விடுப்பு 12 வாரம்தான். 2017-ல் அதை 26 ஆக்கினார்கள், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்கள் கட்டடத்தில் நல்ல காப்பகமே இருக்கிறது, சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும். மாலை ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். சர்வர் ஏழு மணிக்கு முன்னால் படுத்ததாக எனக்கு நினைவில்லை. நான் பட்டது அவளுக்கு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அது பொய் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவள் சொல்லிவிட்டால் கிளையன்டுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்ததும் பொய் இல்லை.

இதில் வேடிக்கை, அதே மாதம்தான் பேண்ட்ரியில் ஒருவர் "பொண்ணுங்களுக்கு இயல்பாவே டெக்னாலஜியில ஆர்வம் கம்மி" என்றபோது நான் சண்டைக்குப் போனேன். 1984-ல் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பெண்கள். கால் நூற்றாண்டில் அது 18 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இயல்பு இப்படிப் பாதியாகக் குறையுமா என்று கேட்டேன். எங்கள் வகுப்பில் பாதிக்குப் பாதி நாங்கள் இருந்ததையும் சொன்னேன். அந்தப் பாதியெல்லாம் எங்கே போனது என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திண்டாடியிருப்பேன்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஏ. லலிதாவைத் துணைக்கு இழுப்பதும் என் வழக்கம். 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். 1943-ல் மின் பொறியியல் முடித்தபோது, ஆண்களுக்கென்றே அச்சடித்திருந்த சான்றிதழில் 'அவன்' என்பதை அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம். அவர் மருத்துவம் வேண்டாம் என்று சொன்னதற்கு ஒரு காரணம் படித்திருக்கிறேன்: நடு ராத்திரியில் குழந்தையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்குமே என்றுதான். பொறியியல் அன்றைக்குப் பகல் வேலை. பார், அவரே ராத்திரி வேலை வேண்டாம் என்றுதானே வந்தார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் வேண்டாம் என்று சொன்னது அவர். இங்கே சொன்னது நான்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு இடம் வந்தது. இந்த முறை முதலில் அவளைத்தான் கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "இப்ப வேண்டாம் மேம்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு நான் நினைத்தது சரிதானே! அப்புறம் அவளே சொன்னாள்: "அப்ப எங்க அத்தை கூட இருந்தாங்க, பாத்துக்கறேன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப ஊருக்குப் போயிட்டாங்க." குத்திக்காட்டச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவன் நன்றாகத்தான் செய்கிறான். போன மாதம் லிப்டில் பார்த்தபோது, ஆன் கால் வாரத்தில் குழந்தையை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை அவனிடம் கேட்பது அதுதான் முதல் தடவை.

"அவ வேலையை விட்டுட்டா மேம்" என்றான்.

அவன் மனைவியும் டெஸ்டிங்தானாம், வேறு கம்பெனியில்.