ஸ்டீராய்டுக்கு முன் ஒரு ஸ்லைடு

குழந்தைப் புற்றுநோய் பற்றி குழந்தைநல மருத்துவர்களுக்கு நாங்கள் எடுக்கும் பயிற்சி வகுப்பில் டீ இடைவேளைக்குள் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார்: “சார், என் சர்வீஸ்ல கேன்சர் குழந்தை எத்தனை பேரைப் பார்த்துடப் போறேன்?” நியாயமான கேள்விதான். தாலுகா ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காலையிலேயே நூறு சீட்டு. சளி, காய்ச்சல், பேதி, மறுபடியும் சளி. அந்த வரிசையில் புற்றுநோய் வருவது எப்போதோ ஒருமுறை. அதுவும் காய்ச்சல், சோகை, கால்வலி என்று மற்றப் பிள்ளைகளைப் போலவே வந்து நிற்கும்.

அந்தக் கேள்விக்கு நான் எண்ணிக்கை சொல்வதில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஐந்து வயதுப் பையன், முழங்கால் வலி. லேசான காய்ச்சல். “ராத்திரி தூக்கத்துலயே அழுதுட்டு எழுந்துக்கிறான் டாக்டர்” என்றார் அம்மா. ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. வெள்ளணுக்கள் சரியாக இருப்பதாக மெஷின் சொன்னது. மூட்டுவாதம் என்று முடிவுகட்டி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை எழுதினேன். ஒரே வாரத்தில் பையன் ஓடினான். அம்மா வீட்டு மரத்து வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து வெளுத்துப்போய், தொடையெல்லாம் கன்றிய நீலத்தோடு வந்தான். சென்னையில் எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய். அங்கிருந்த மூத்த மருத்துவர் போனில் என்னைத் திட்டவில்லை. “ஸ்டீராய்டு எந்தத் தேதியில ஆரம்பிச்சீங்க?” என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்.

லுகேமியா எனும் இந்த ரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் முதல் மருந்துகளில் ஒன்று அதே பிரெட்னிசோலோன்தான். தனியாகக் கொடுத்தால் நோய் சில வாரம் பதுங்கும். ரத்தத்தில் தடயம் அழியும். ஆரம்பத்தில் எவ்வளவு தீவிரமாக இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் அவனைக் கடுமையான பிரிவில் சேர்த்து, கூடுதல் மருந்து கொடுத்தார்கள். பையன் பிழைத்துவிட்டான். அந்தக் கூடுதல் மருந்துகள் என் தவறின் கணக்கு.

ஆகவே வகுப்பில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது ஒரு கண்ணாடித் துண்டுக்கு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், இழுத்துப் பரப்பி, அணுக்களை நிறம் பிரித்துக் காட்டும் லீஷ்மன் சாயம் போட்டு, நாமே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. ஸ்டீராய்டு எழுதப் பேனா எடுக்கும் முன் இது. ஸ்லைடும் சில சமயம் ஏமாற்றும். சந்தேகம் போகவில்லையென்றால் மஜ்ஜைக்கு அனுப்பிவிட வேண்டும். கழுத்தில் நெறி கட்டினால் டிபி மாத்திரையை ஆரம்பித்துவிடும் பழக்கமும் அப்படித்தான். காறை எலும்புக்கு மேலே வந்த கட்டி என்றால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம்; பயாப்ஸி, அதாவது கட்டியில் துளி சதை எடுத்துச் சோதிப்பது, பார்க்காமல் மாத்திரை வேண்டாம்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் லேசான மாறுகண் அதிர்ஷ்டம் என்று பாட்டிகள் சந்தோஷப்படுவார்கள். அதுவே சில சமயம் கண்ணில் வந்த புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும். போட்டோவில் பிள்ளையின் ஒரு கண் மட்டும் பூனைக்கண் மாதிரி வெள்ளையாய் மின்னுகிறது என்று ஓர் அம்மா செல்போனை நீட்டினால், “ஃப்ளாஷ்மா அது” என்று திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. விழித்திரைப் புற்றுநோயை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அம்மாதான்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. 2030க்குள் உலகம் முழுக்க 60 சதவீதமாவது தேற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. மருந்து கிடைக்காதது ஒரு காரணம். தாமதமான கண்டுபிடிப்பு, பாதியில் நின்ற சிகிச்சை, வழியில் வந்த தொற்று ஆகியவையும் சேர்ந்துதான் இந்த இடைவெளி.

அந்தத் தொற்று வருவது பெரும்பாலும் சென்னையில் இல்லை, ஊருக்குத் திரும்பிய பிறகு. கீமோ முடித்து வந்த பிள்ளைக்கு ராத்திரி 101 டிகிரி. கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் 500க்குக் கீழே இருக்கலாம். வகுப்பில் இதை நடித்தே காட்டச் சொல்வோம். முக்கால்வாசிப் பேர் ரத்தத்தை லேபுக்கு அனுப்பிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். ரத்தம் எடுத்த கையோடு, கவுண்ட் என்கிற அணு எண்ணிக்கை வரும் முன்னே, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ காய்ச்சல் மாத்திரையோ வைக்கக் கூடாது. இடுப்பில் ஊசியும் கூடாது. நம் ஊரில் இதுதான் சிரமம். ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லையே!

போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்கு போன். இரண்டு வருடம் முன்பு அந்த “எத்தனை பேர்” கேள்வியைக் கேட்டவர். “சார், 102 இருக்கு. கவுண்ட் இன்னும் வரலை. ஆன்டிபயாடிக் ஏத்திட்டேன். இப்பவே சென்னைக்கு அனுப்பவா, விடியட்டுமா?” பிரஷர், நாடித்துடிப்பு, கை கால் சூடு எல்லாம் கேட்டேன். சரியாக இருந்தது. விடியட்டும், ஆனால் மணிக்கொரு தடவை பிரஷர் பாருங்கள் என்றேன்.

“பிள்ளை வார்டுலயா இருக்கு?”

“இல்ல சார், வார்டு முழுக்க இருமல். டியூட்டி ரூமைக் காலி பண்ணி அங்க படுக்க வெச்சிருக்கோம்.”

“அப்ப நீங்க எங்க படுப்பீங்க?”

“மணிக்கொரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லிட்டு இதையும் கேக்கறீங்களே சார்” என்றார்.