எம்எக்ஸ்-5க்கு டர்போ: கட்டும் நாட்குறிப்பு

ஜனவரி 4

எஞ்சின் ஸ்டாண்டில் ஏறியாயிற்று. முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. உள்ளே இருப்பது பிபி வகை 1.8 லிட்டர் எஞ்சின், சரியாகச் சொன்னால் 1839 சிசி. சிலிண்டர் விட்டம் 83 மிமீ, ஸ்ட்ரோக் 85. சக்கரத்தில் 260 குதிரைத்திறன் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். 240, 250ஐத் தாண்டினால் கம்பெனி ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) வளையும் என்பது இந்த எஞ்சினைக் கட்டுபவர்களுக்குத் தெரிந்த விஷயம், அதனால் ராடும் பிஸ்டனும் ஃபோர்ஜ்டு, அதாவது அழுத்தி அடித்து உருவாக்கியவை.

ஆர்பிஎம் அதிகமானால்தான் ராட் போகும் என்று பையன் நினைத்திருந்தான். ஆர்பிஎம் ஏறினால் அடி வாங்குவது ராட் போல்ட். ராடையே வளைப்பது 3500-4000 ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட்டோடு (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) பொங்கி வரும் டார்க் (முறுக்கு விசை). அதனால் சின்ன டர்போ போட்டு 'சட்டென்று பிக்கப்' தேடுகிறவர்கள்தான் அதிகம் ராட் வளைக்கிறார்கள்.

கழற்றும்போது ராட் கேப்பை (கிராங்க்கைச் சுற்றிப் பிடிக்கும் கீழ்ப்பாதி) அதனதன் ராடோடு சேர்த்தே வைத்தோம், மெயின் கேப்பை எண் வரிசையில் அடுக்கினோம். கேப்போடு சேர்த்துத்தான் துளையைக் கடைந்திருப்பார்கள். இடம் மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது.

ஜனவரி 12

பிளாக் போரிங், ஹோனிங் (சிலிண்டரைக் கடைந்து, கல்லால் தேய்ப்பது) முடிந்து வந்தது. 83.5 மிமீ, கொள்ளளவு 1862 சிசி ஆகிறது. ஹோன் செய்யும்போது டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாகப் பூட்டும் தடித்த தகடு) போட்டுச் செய்யச் சொல்லியிருந்தோம். ஹெட் போல்ட் இறுகும்போது சிலிண்டர் சுவர் சில மைக்ரான் நெளியும். அந்த நெளிவோடு ஹோன் செய்தால்தான் ஹெட் பூட்டிய பிறகு வட்டமாக நிற்கும்.

பில்லில் என்ன எழுதியிருந்தாலும் நாமே அளக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டம். ஒவ்வொரு மட்டத்திலும் கிராங்க் வாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. பையன் போர் கேஜைப் பிடிக்க நான் எழுதினேன். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளப்பது தயாரிப்பாளர் அட்டை காட்டும் உயரத்தில் மட்டும். பிஸ்டனின் கீழ்ச்சுவரான ஸ்கர்ட் பீப்பாய் வடிவம் என்பதால் இடம் மாறினால் அளவும் மாறும். இது 2618 அலுமினிய அலாய். சிலிக்கான் குறைவு, சூட்டில் நன்றாக விரியும். அதனால் 0.08 முதல் 0.10 மிமீ வரை இடைவெளி கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் தட்டும் சத்தம் வரத்தான் செய்யும், சூடானால் அடங்கிவிடும்.

பிறகு கழுவல். பெட்ரோலோ தின்னரோ ஹோனிங் தூளை எடுக்காது, சுவரிலேயே தேய்த்துவிடும். சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். உடனே காற்றடித்து உலர்த்தி, வெள்ளைத் துணியில் ஆயில் நனைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவல். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடக்கூடாது.

ஜனவரி 19

இன்று முழுக்க ரிங் இடைவெளி, அதாவது பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே விடும் இடம். டர்போ எஞ்சினை உடைப்பதும் காப்பதும் இந்த வேலைதான் என்பது என் கருத்து.

டாப் ரிங்குக்குச் சிலிண்டர் விட்டத்தை 0.0045ஆல் பெருக்க வேண்டும்: 0.38 மிமீ. இரண்டாவது ரிங்குக்கு 0.0055: 0.46 மிமீ. பூஸ்ட் ஏறினால் ரிங் அதிகம் சூடாகி நீளும். இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் அது போக இடமில்லாமல் சுவரைக் கிழிக்கும், இல்லையென்றால் பிஸ்டனின் ரிங் லேண்டை (ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள வரம்பு) பெயர்த்துவிடும். இடைவெளி 0.05 மிமீ கூடிப்போனால் கொஞ்சம் புளோபை (ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு), அவ்வளவுதான். குறைந்தால் எஞ்சினே போச்சு.

"இரண்டாவது ரிங்குக்கு எதுக்கும்மா அதிகம்? அங்கே சூடு கம்மிதானே?" என்று கேட்டான். சரியான கேள்வி. டாப் ரிங்கைத் தாண்டி வரும் காற்று இரண்டு ரிங்குக்கும் நடுவே தேங்கினால் டாப் ரிங்கை அடியிலிருந்து தூக்கும். ரிங் தன் இடத்தில் படியாது. கீழே வழி கொஞ்சம் அகலமாக இருந்தால் அது வடிந்துவிடும்.

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் 25 மிமீ ஆழத்துக்குத் தள்ளினால் நேராக உட்காரும். ஃபீலர் கேஜ் லேசாக உரசிப் போக வேண்டும். அரத்தை வெளியிலிருந்து உள்நோக்கியே ஓட்ட வேண்டும். ஒரு முனையை மட்டும் தேய்த்து, மற்ற முனையைக் கம்பெனி வெட்டாகவே விட்டுவைத்தால் இரண்டும் இணையாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். கடைசியில் ஓரத்துப் பிசிறை மெல்லிய கல்லால் எடுத்தோம். அதை விட்டால் முதல் நிமிடத்திலேயே சுவரில் கோடு விழும். எந்த ரிங் எந்தச் சிலிண்டருக்கு என்று கவரில் எழுதிப் போட்டாயிற்று.

ஜனவரி 26

பேரிங் இடைவெளி. ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது நல்ல தொடக்கக் கணக்கு: ராட் ஜர்னல் 45 மிமீக்கு 0.045, மெயின் 50 மிமீக்கு 0.050. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) பச்சை நிறம் 0.025 முதல் 0.076 வரை காட்டும், போதும். அதை வைத்து இறுக்கியபின் கிராங்க்கைத் திருப்பவே கூடாது. திருப்பினால் நசுங்கின அகலம் பொய் சொல்லும். எல்லாமே 0.043க்கும் 0.051க்கும் நடுவில் வந்தது.

பிப்ரவரி 9

கீழ்ப்பாகம் பூட்டியாயிற்று. ராட் போல்ட்டுக்கு அட்டையில் இருக்கும் டார்க், அதோடு வந்த லூப்ரிகன்டுக்கு மட்டுமே பொருந்தும். சாதாரண ஆயில் போட்டால் உராய்வு மாறும், ரெஞ்ச் அதே எண்ணில் கிளிக் ஆனாலும் போல்ட் போதுமான அளவு நீண்டிருக்காது. அதனால் நீட்சியை ஸ்ட்ரெச் கேஜில் அளந்தே இறுக்கினோம்.

ஆயில் பம்ப் கியரையும் மாற்றினோம். சின்டர்டு உலோகத்தால் (தூளை அழுத்திச் சுட்டது) ஆன பழைய கியர் உயர் ஆர்பிஎம் அதிர்வில் உடையக்கூடியது. பில்லெட் கியர் (முழு உலோகக் கட்டியில் கடைந்தது) போடுவதோடு, கிராங்க் புல்லியில் அதிர்வை அடக்கும் ரப்பர் டாம்பரையும் விட்டுவைக்க வேண்டும். எடை குறையும் என்று அலுமினியக் கட்டிப் புல்லி போடுகிறவர்கள் சேமிப்பது ஓரிரு கிலோ, பணயம் வைப்பது ஆயில் பிரஷரை.

பிப்ரவரி 23

ஹெட் ஏறியது. பல அடுக்கு எஃகு கேஸ்கெட் என்பதால் இரண்டு பரப்பும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட உராய்வுச் சக்கரம் எதுவும் வேண்டாம். பள்ளமும் விழும், தூள் ஆயில் வழியிலும் இறங்கும்.

கூடவே கூலன்ட் ரீரூட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வழியை மாற்றுவது. இந்த எஞ்சின் முதலில் குறுக்காக அமரும் முன்சக்கர இழுவைக் கார்களுக்காக வந்தது. அங்கே கூலன்ட் ஹெட்டின் பின்முனை வழியே வெளியேறும். எம்எக்ஸ்-5இல் எஞ்சினை நீளவாக்கில் வைத்தபோது வெளியேறும் வழியை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். முன்னால் நுழைந்து முன்னாலேயே போனால் நாலாவது சிலிண்டர் பக்கம் ஓட்டம் மந்தம். சாதாரணக் காருக்கு அது தாங்கும். பூஸ்ட் ஏற்றினால் முதலில் டெட்டனேஷன் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) எட்டிப்பார்ப்பது அங்கேதான். தெர்மோஸ்டாட்டைப் பின்னால் மாற்றி, முன்பக்கத்தை அடைத்தோம்.

மார்ச் 16

டர்போவின் ஆயில் வழி. பிளாக்கில் ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் இடத்தில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுக்கிறோம். அங்கே இருக்கும் மரை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை): அங்குலத்துக்கு 28 சுற்று. கடையில் சுலபமாகக் கிடைக்கும் என்பிடியில் (அமெரிக்கக் குழாய் மரை) 27. இரண்டாவது சுற்றுவரை சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். 'சீல் ஆகிறது' என்று நினைத்து முடுக்கினால் மரையும் போகும், வார்ப்பும் விரியும். டீயை வளையும் குழாயோடு தள்ளி மாட்ட வேண்டும். பிளாக்கில் நேரடியாகத் தொங்கவிட்டால் அதிர்வில் கழுத்து ஒடியும்.

வடிகுழாய் இன்னும் முக்கியம். டர்போவிலிருந்து ஆயில் வெறும் எடையால்தான் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்குகிறது, தள்ளப் பிரஷர் கிடையாது. உள்விட்டம் 16 மிமீக்குக் குறையக் கூடாது. எங்கும் மேடேறாமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். ஒரு வளைவில் தேங்கினாலும் டர்போவின் சீலைத் தாண்டி ஆயில் எக்ஸாஸ்ட்டுக்குள் போய் நீலப் புகை வரும். நல்ல டர்போவைக் குறை சொல்லிக் கழற்றும் பலருக்கும் பிரச்சினை இந்தக் குழாயில்தான்.

மார்ச் 30

இஞ்செக்டர் கணக்கைப் பையன் போட்டான். சக்கரத்தில் 260 என்றால் கிராங்க்கில் ஏறக்குறைய 300. டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.27 கிலோ பெட்ரோல் கேட்கும் என்று வைத்தால் 81 கிலோ, அடர்த்தி 0.74ஆல் வகுத்தால் 109 லிட்டர் சொச்சம், நிமிடத்துக்கு 1824 சிசி. நாலால் வகுத்து, 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று பார்த்தால் 570 சிசி. 650 வாங்கினோம். பெரிதாக வாங்கினால் என்ன என்றால், ஐடிலில் திறக்கும் நேரம் மிகக் குறுகிவிடும், ஓட்டம் தடுமாறும்.

பிளக் ஒரு படி குளிர்ச்சியானது, என்ஜிகே பிகேஆர்7இ, இடைவெளி 0.7 மிமீ. கம்பெனி அளவான 1.1ஐ அப்படியே விட்டால் பூஸ்ட்டில் பொறி பாயாது.

ஈசியூவில் (எஞ்சினை நடத்தும் கணினி) டைமிங்கை, அதாவது பொறி பாயும் நேரத்தை, 10 டிகிரியில் பூட்டி, டைமிங் லைட் அடித்து, புல்லியில் உள்ள குறியோடு சேருகிறதா என்று பார்க்காமல் மேப்பை (ஈசியூவின் எரிபொருள், டைமிங் அட்டவணை) தொடவே கூடாது. திரையில் 10 என்றும் எஞ்சினில் 15 என்றும் இருந்தால் பிறகு செய்வதெல்லாம் வீண். இன்லெட் வெப்ப சென்சார் இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) பிறகே வர வேண்டும்.

ஏப்ரல் 6

முதல் ஸ்டார்ட். பிளக்கைக் கழற்றி, இஞ்செக்டர் கனெக்டரைப் பிரித்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினோம். பத்துப் பத்து வினாடி, நடுவே ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி. வேஸ்ட்கேட் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கதவு) கம்பியைக் கழற்றிவிட்டதால் பூஸ்ட் அநேகமாக ஏறாது.

ரிங் படிவதற்கு ஐடிலில் விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது கெடுதல். மூன்றாவது கியரில் 2500லிருந்து 4500 வரை நடுத்தர லோடில் ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக விட்டு எஞ்சின் பிரேக்கில் இறக்க வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது சிலிண்டரில் எரியும் வாயுவின் அழுத்தம்தான். 30 கிமீ ஓடியதும் மினரல் ஆயிலை வடித்து ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். மினுமினுப்பான மெல்லிய தூள் சகஜம். செதில் இருந்தால் நிறுத்தியிருப்போம்.

ஏப்ரல் 27

சூடான எஞ்சினில், பிளக் நாலையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் (சிலிண்டரில் எழும் அழுத்தம்) பார்த்தோம். நாலுக்கும் நடுவே வித்தியாசம் 5 சதவீதத்துக்குள். மொத்த எண்ணைவிட இந்த வித்தியாசம்தான் பேசும்.

மே 11

0.7 பார் பூஸ்ட். வெளிக்காற்று 30 டிகிரி என்றால், 70 சதவீதத் திறனுள்ள டர்போ கம்ப்ரஸரிலிருந்து வெளிவருவது சுமார் 100 டிகிரி. இன்டர்கூலர் அந்த ஏற்றத்தில் 70 சதவீதத்தை எடுத்தால் 51. சென்சாரில் 54 பார்த்தோம், ஏற்கலாம்.

முழு லோடில் ஏர்-ஃப்யூல் விகிதம் 11.5. டைமிங்கை 12 டிகிரியில் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினோம். பிளாக்கில் நாக் சென்சார் பொருத்தி ஹெட்போனில் கேட்பது பையன் வேலை. 83.5 மிமீ சிலிண்டரில் டெட்டனேஷன் ஏறக்குறைய 6.9 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் (900ஐ, மிமீயில் உள்ள ஆரத்தின் பை மடங்கால் வகுக்க வேண்டும்). ஃபில்டரை அங்கே வைத்தால் வால்வ் சத்தம் குறுக்கிடாது. முதல் 'டிக்' கேட்டதும் இரண்டு டிகிரி இறக்கி நிறுத்தினோம்.

ஓட்டி முடித்து, எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு டர்போ-மேனிஃபோல்ட் ஸ்டட்டைச் சரிபார்த்தோம். சூடும் ஆறலும் மாறி மாறி வருவதால் இந்த நட் தானாகவே கழலும். ஒன்று கால் சுற்று லூஸ். சாதாரண எஃகு ஸ்டட் அந்தச் சூட்டில் நீண்டு பிடிப்பை இழக்கும், இன்கோனல் (சூடு தாங்கும் நிக்கல் கலவை) ஸ்டட்டும் பூட்டு வாஷரும் போட வேண்டும். அது வரும்வரை பூஸ்ட் இதற்கு மேல் ஏறாது.