எடைக்குப் போகும் அண்டா

காவேரிப்பட்டணம் போகிற வழியில், மூடிக் கிடக்கும் ஒரு மாங்கூழ் ஆலைக்குள் இன்று கட்டர் சத்தம். எட்டிப் பார்த்தேன். கூழ் காய்ச்சிய ஆளுயர எவர்சில்வர் அண்டாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்சுவரில் பழைய கூழ் கறுத்துக் காய்ந்து ஒட்டியிருந்தது. நெருப்பு பட்டதும் கருகின வெல்லம் மாதிரி வாசனை.

"எடைக்குத்தாண்ணா போவுது" என்றார் காவலாளி.

எனக்கு பிரஸ்ஸல்ஸின் வீல்ஸ் ஞாபகம் வந்தது. அது பழைய பீர் ஆலை. 1988இல் மூடியது, 2007இல் சமகாலக் கலை மையமாகத் திறந்தது. பீர் காய்ச்சிய செம்பு அண்டாக்களை அகற்றவில்லை, அவற்றின் நடுவேதான் மக்கள் காபி குடிக்கிறார்கள்.

பெர்லினில் இதே போலக் கலை மையமாக மாறிய கிண்ட்ல் பீர் ஆலையிலும் ஆறு செம்பு அண்டாக்கள் அப்படியே நிற்கின்றன. அதன் கொதிகலன் கூடம் 20 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு படைப்புதான் வைப்பார்கள். அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வேலை போன தொழிலாளிக்கு ஓவியம் சோறு போடாதுதான். சரி, பழைய இரும்பு மட்டும் போட்டுவிடுமா?

மல்லப்பாடியில் பாறை ஓவியம் இருக்கிற கிருஷ்ணகிரி மாவட்டம் இது. நடுகல்லுக்கும் குறைவில்லை. ஆனால் இன்று வரைகிற பிள்ளைகளுக்குப் படம் மாட்ட ஒரு சுவர் கிடையாது. முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துக் கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டும்.

ஆலைக் கூடமோ நடுவில் தூணே இல்லாமல் விரிந்து கிடக்கிறது. கூத்துக்காரர்கள் ஒத்திகைக்கே கேட்பார்கள். அப்புறம், கரண்ட் பில் யார் கட்டுவது என்ற பஞ்சாயத்தும் கண்டிப்பாக வரும்.