ஒரு ‘ல்’ படுத்திய பாடு

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு அசைன்மென்ட். ஒரு பேய்ப்படத்தின் டைட்டில் மட்டும், ஒன்றரை நிமிடத்துக்குள். நாங்கள் நான்கு பேர். படத்துக்கு ‘கொல்லை’ என்று பெயர் வைத்தோம். நடுவில் இருக்கும் ‘ல்’ மறைந்தால் ‘கொலை’. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று இரண்டு நாள் திமிராகத் திரிந்தோம்.

முதல் வாரம் கணக்கிலேயே போனது. 75 விநாடி, பெயர்கள் வரும் கார்டு 14. ஒவ்வொன்றும் 3 விநாடி நின்றால்தான் வாசிக்க முடியும், அதுவே 42. மீதி 33 விநாடிதான் கிணறு, துவைக்கிற கல், முருங்கை மரம் எல்லாவற்றுக்கும். காட்சிகளை வரைந்து வைத்த ஸ்டோரிபோர்டில் இருந்த கறுப்புப் பூனையை அன்றே துரத்திவிட்டோம். எங்கள் வீட்டுப் பூனை எப்படியும் சொன்ன பேச்சு கேட்காது.

இரண்டாம் வாரம், கம்ப்யூட்டரில் எழுத்தை ஒவ்வொன்றாக வரவைக்கப் பார்த்தோம். லேபில் இருந்த பழைய மென்பொருளில் ‘கொ’வின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றது, கூடவே ஒரு புள்ளி வட்டம். கணினிக்குள் ‘கொ’ என்பது முதலில் க, அடுத்து ஒகரக் குறி என்று இரண்டாகத்தான் இருக்கிறது. சேர்த்து வரையத் தெரியாத மென்பொருள் வந்த வரிசையில் கொட்டிவிடும். எழுத்தையே படமாக மாற்றிப் போட்டோம். எந்த எழுத்துருவைப் போட்டாலும் கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருந்தது.

1995-ல் வந்த ‘செவன்’ படத்தின் டைட்டிலுக்குக் கைல் கூப்பர் எழுத்துகளைக் கறுப்புப் பூச்சு பூசிய அட்டையில் கையாலேயே கீறினார். எங்களுக்கு அந்த அட்டை ஏது? ஃபிரேம் கடையில் கண்ணாடி வாங்கி, கற்பூரப் புகையில் காட்டிக் கரி ஏற்றினோம். ஒரே இடத்தில் பிடித்ததில் முதல் கண்ணாடி ‘டக்’ என்று விரிந்தது. ஆட்டிக்கொண்டே பிடிக்க வேண்டுமாம். பின்னால் டியூப்லைட், முன்னால் ஸ்டாண்டில் போன், கையில் ஈர்க்குச்சி.

‘கொ’, ‘லை’ இரண்டையும் இடைவெளி விட்டு எழுதிவிட்டு, நடுவில் ‘ல்’லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி 40 போட்டோ எடுத்தோம். விநாடிக்கு 12 வீதம் திருப்பி ஓட்டினால் கரி தானாக மூடிக்கொள்ளும். முதல் முறை வெளிச்சம் துள்ளியது: கீறக் கீற ஒளி கூடுதலாக வருகிறது, போன் தானாக இருட்டாக்குகிறது. எக்ஸ்போஷரை, அதாவது போன் எடுக்கும் வெளிச்ச அளவை, மாறாமல் பூட்டினோம். ஷட்டரை 1/50-ல் வைத்ததும் டியூப்லைட்டால் படத்தில் விழுந்த கோடுகளும் போயின.

அப்புறம்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. புள்ளியைக் கடைசியில் வைத்திருந்ததால், திருப்பி ஓட்டும்போது அதுதான் முதலில் போகிறது. நடுவில் ‘கொலலை’ என்று அபத்தமாக நிற்கிறது. புதுக் கண்ணாடியில் புள்ளியை முதலில் வைத்து, அதன்கீழ் ‘ல’ எழுதினோம். இப்போது ‘ல’ கரைந்து, புள்ளி மட்டும் அந்தரத்தில் தொங்கி, பிறகு அணைகிறது. மொத்த டைட்டிலில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

சத்தத்துக்கு அப்பத்தா வீட்டு அம்மியில் குழவியை வெறுமனே இழுத்துப் பதிவு செய்தேன். “வெறும் அம்மிய எதுக்குடா அரைக்கிற?” என்று கேட்ட குரலும் பதிவாகிவிட்டது. பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். குழவியைவிட அப்பத்தா குரல்தான் பயமாக இருந்தது. அதையே வைத்துக்கொண்டோம்.

வகுப்பில் போட்டுக் காட்டினோம். பாதிப் பேருக்குப் புரிந்தது. சார், “டைட்டில்ல ஒரு ‘ல்’ விட்டுப்போச்சு, பாருங்க” என்றார். ‘கொல்லை’ முழுதாக இன்னும் 2 விநாடி நின்றிருக்க வேண்டும். எழுதிய கண்ணாடியை ஏற்கெனவே துடைத்துவிட்டோம். நாளைக்கு மறுபடி கற்பூரம் வாங்கணும்.